ஓடிப்போகாத கோதண்டம்

"எங்க ஓடிப்போனாருன்னு அதுல போட்டுகீதா?"

தேவகி இதைக் கேட்டபோது, அவளுக்கு மனு எழுதித் தருகிற நான் கைப்பேசியில் வந்திருந்த ஆங்கிலத்தை இன்னொரு முறை படித்தேன். அவள் கணவன் கோதண்டத்தின் பெயர் சரியாக இருந்தது. கடவுச்சீட்டு எண்ணும் பிறந்த தேதியும் சரியாக இருந்தன. கடைசி வரியில், வேலை கொடுத்தவரை விட்டு ஓடிப்போனவர் என்று இருந்தது. எங்கே ஓடினார் என்பதை எழுத அந்தத் திரையில் இடமே இல்லை.

இது அந்தக் கோதண்டத்தின் கதை. அதைவிடத் தேவகியின் கதை.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் மேட்டில் இருக்கிறது சின்னமேட்டுக்குப்பம். எழுபது வீடுகள். ஆண்கள் ஏரியிலும் கடலிலும் வலை போடுகிறார்கள். பெண்கள் இறாலையும் நண்டையும் கூடையில் எடுத்துக்கொண்டு பழவேற்காடு கடைத்தெருவுக்கும் பொன்னேரிக்கும் போகிறார்கள். தேவகியும் அப்படிக் கூடை தூக்குகிறவள்தான். வாய் கொஞ்சம் நீளம். இறாலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களை அடுத்த தெரு வரைக்கும் பேசியே அனுப்பிவைப்பாள்.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஓடாது. முகத்துவாரத்தை ஒட்டிய சில நீரோட்டங்களில்தான் ஓடும். அங்கே யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று, ஊர் கூடிச் சித்திரை மாதம் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆணுக்கு ஒரு பெயர், ஒரு சீட்டு. பாட்டில் பெயர் இருந்தால்தான் அவன் ஊர்க்காரன். பெயர் இல்லாதவன் அடுத்தவன் வலையில் கூலிக்குப் போகவேண்டும். ஊர்க்கூட்டத்தில் அவன் பின்னால் நிற்கலாம், பேச முடியாது.

2021-ஆம் ஆண்டு மழையில் கோதண்டத்தின் படகு உடைந்தது. அடுத்த வைகாசியில் அவன் வளைகுடா நாடு ஒன்றுக்கு மீன்பிடி வேலைக்குக் கிளம்பினான். எந்த நாடு என்று எழுதவேண்டாம் என்று தேவகி சொல்லியிருக்கிறாள். நம் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் அவன் ஊர்த் தலைவர் மாணிக்கத்திடம் போய் நின்றான்.

"ரெண்டு வருசம்தான் பெரிப்பா. வந்துடுவேன். பாட்டுல பேரு மட்டும் எடுத்துடாதீங்க."

"பேரை எட்த்து நான் இன்னா கொயம்பா வெக்கப்போறேன்?" என்றார் மாணிக்கம். "ரெண்டு சீட்டு உன் பொண்டாட்டி முகத்தப் பாத்து உட்டுவெப்போம். மூணாவது சீட்டுக்கு நீ வரணும். உன் கையாலதான் எடுக்கணும். அன்னிக்கி இல்லன்னா ஊர்ல இல்லாதவன்னு அர்த்தம். உனக்குன்னு இல்ல, எல்லாருக்கும் அதான் சட்டம்."

"அதுக்கு முன்னாடியே வந்துடுவேன்" என்றான் கோதண்டம். தேவகி விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். மூன்றாவது சீட்டு 2025 சித்திரை. தொலைவில் இருந்தது.

அந்த நாட்டில் வெளியூர்க்காரன் தங்குவதற்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அக்காமா என்பார்கள். அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அந்த முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். அவர் புதுப்பித்தால் அட்டைக்கு உயிர். அவர் எழுதிக் கொடுத்தால்தான் ஊருக்கு வரவும் முடியும். கோதண்டம் இதையெல்லாம் முதல் வாரமே குரல் பதிவில் சொன்னான். பின்னால் படகு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"சட்டையில பொத்தான் போடவும் அந்தாளக் கேக்கணுமா?" என்று தேவகி பதில் அனுப்பினாள்.

"இதுவரிக்கும் இல்லமே. அட்த்த மாசம் தெரியும்" என்று சிரித்தான் அவன்.

ஒன்றரை வருடம் குறையில்லாமல் ஓடியது. முதலாளியின் வலைக்கொட்டகையில்தான் படுக்கை. பக்கத்தில் கட்டியிருக்கும் வேறொருவர் படகில் ஜெரோம் வேலை செய்தான். பழவேற்காட்டுக்காரன். அவன் மனைவி ஆரோக்கியமேரியும் தேவகியும் கடைத்தெருவில் அடுத்தடுத்துக் கூடை வைக்கிறவர்கள். புருசன்மார்கள் அங்கே ஒரே பானையில் சோறு பொங்க, இவர்கள் இங்கே ஒரே குடையின் கீழ் மீன் விற்றார்கள்.

2024 தை மாதம். ஜெரோமின் படகில் இருந்த ஒருவருக்குக் காய்ச்சல். ஆள் இல்லாமல் படகு கிளம்ப முடியாது. கிளம்பாவிட்டால் அந்த முதலாளி ஜெரோமைத்தான் திட்டுவார். கோதண்டத்தின் படகு அன்று எஞ்சின் வேலைக்காகச் சும்மா நின்றது. ஜெரோம் வந்து கேட்டான். கோதண்டம் உடனே சரி என்று சொல்லவில்லை. ஜெரோம் தன் மனைவிக்குப் பேசினான். ஆரோக்கியமேரி கைப்பேசியைத் தேவகியிடம் நீட்டினாள்; அந்தப் பக்கம் கோதண்டம்.

"இன்னாயா, கூப்ட்டா போவமாட்டியாம்?"

"அதுக்கில்ல தேவகி. அக்காமாவுல வேற பேரு கீது. ஜெரோம் ஓனரு போட்டுல நான் ஏறக்கூடாது."

"ஒரு நாளுதான? ஆளு கொறஞ்ச போட்டு கரையில நிக்குது, கைய கட்டிகினு பாத்துகினு இருப்பியா? நாளைக்கி நான் மேரி மூஞ்சியில எப்டி முழிக்கறது?"

அவள் சொன்னதில் எங்கள் பக்கத்தில் யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள். ஏரியில் ஒருவன் பாட்டு நாளில் ஆள் குறைந்தால், கூப்பிட்டவன் வீட்டோடு சண்டையில் இருந்தாலும் போய் ஏறவேண்டும். இறங்கிய பிறகு மறுபடி சண்டை போட்டுக்கொள்ளலாம். ஏறாதவனின் பெயர் பத்து வருடமானாலும் பேச்சில் அடிபடும். தேவகிக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. கடலுக்கு அந்தப் பக்கம் அதே காரியம் குற்றம் என்று அவள் புத்தியில் ஏறவில்லை.

கோதண்டம் ஏறினான்.

திரும்பும்போது கடலோரக் காவல் படகு மறித்தது. எல்லோருடைய அட்டையையும் வாங்கிப் பார்த்தார்கள். கோதண்டத்தின் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள். கரைக்கு வந்து அவன் தன் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னான். அவர் திட்டினார். பிறகு போய்த் தூங்கு என்றார். கோதண்டம் வலைக்கொட்டகையில் போய்ப் படுத்தான். மறுநாள் காலை அதே முதலாளியின் படகில் இருபது நாள் ஆழ்கடலுக்குப் போனான்.

அவன் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த அந்த இரவில்தான் முதலாளி தன் கைப்பேசியில், அரசாங்கப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார். தன் ஆள் அடுத்தவர் படகில் பிடிபட்டால் தனக்கும் தண்டனை வரும். ஆள் ஏற்கெனவே ஓடிவிட்டான் என்று பதிந்துவிட்டால் வராது. அவ்வளவுதான் அவர் யோசித்தது. தவறாகப் பதிந்திருந்தால் பதினைந்து நாளுக்குள் அவரே எடுத்துவிடலாமாம். அந்தப் பதினைந்து நாளும் கோதண்டம் அவருடைய படகில், அவருக்காக மீன் பிடித்துக்கொண்டிருந்தான்.

பங்குனியில் விடுமுறை கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்று வந்த குரல் பதிவைத் தேவகி இன்னும் அழிக்கவில்லை.

"தேவகி, அக்காமா ஆபீசுல கைரேகை வெச்சேன். ஓடிப்போனவன்னு வருதாம். எனக்கு ஒண்ணியும் புரியல. ஓனர கேட்டா, அது சும்மா போட்டது, எடுத்துடலாம்னாரு. ஆபீசுல கேட்டா, நாளு தாண்டிப்போச்சி, ஓனரே வந்து பொய்யாப் போட்டேன்னு எழுதித் தரணும்ங்கறான். அத்த எழுதினா அவருக்குத் தண்டனையாம். நாளைக்கி வரேன், நாளைக்கி வரேன்னு சொல்லிகினே கீறாரு."

அந்த 'நாளைக்கி' வரவே இல்லை. வைகாசியில் அட்டையின் காலம் முடிந்தது. புதுப்பிக்க வழியில்லை. அட்டை செத்ததும் அதோடு சேர்ந்த ஒவ்வொன்றும் செத்தது. கைப்பேசி எண்ணைத் துண்டித்தார்கள். வங்கிக் கணக்கை முடக்கினார்கள். அதே கொட்டகையில் ஒளிந்து, கரையில் வலை பிரித்துப் பிழைத்தான். ஆவணியில் வலையிலிருந்து திருக்கை மீனை எடுக்கும்போது முள் அவன் உள்ளங்கையில் இறங்கியது. மருத்துவமனையில் அட்டை கேட்டார்கள். காலாவதியான அட்டையைக் காட்டினால் போலீசுக்குச் சொல்வார்கள் என்று யாரோ பயமுறுத்த, வாசலிலிருந்தே திரும்பிவிட்டான். ஜெரோம் கத்தியைச் சுட்டு முள்ளை எடுத்தான். இன்றும் அந்தக் கையில் இரண்டு விரல் மடங்காது.

இங்கே தேவகி கூடையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு அலைந்தாள். மீஞ்சூரில் விசா எடுத்துக் கொடுத்த தரகரைப் பிடித்தாள்.

"ஏம்மா, ரூல் தெரியாம அட்த்தவன் போட்டுல ஏறுனா நான் இன்னா பண்றது?"

"ஏறக்கூடாதுன்னு நீ சொன்னியா?"

"கையெழுத்து போட்டாருல்ல. பேப்பர்ல கீது."

"அது இன்னா பாசையில கீதுன்னு உனக்கே தெரியாது. எட்த்துப் படி, கேக்கறேன்."

தரகர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். அவள் மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். அவர் பின்வாசல் வழியாக எப்போதோ போயிருந்தார்.

திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாளுக்கு நான்கு முறை போனாள். மனுவை அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பிவைத்ததாக ஒரு காகிதம் கொடுத்தார்கள். தூதரகத்தின் இணையப் பக்கத்திலும் பதிந்தோம். முதலாளியிடமிருந்து கடிதம் வாங்கி இணைக்கவும் என்று பதில் வந்தது. தேவகி அதைக் கேட்டுச் சிரித்தாள். "திருடன் கையால திருட்டு போனதுக்கு ரசீது வாங்கினு வரணுமா" என்றாள்.

கடைத்தெருவில் ஆரோக்கியமேரிக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் கூடையை எடுத்துக்கொண்டு போய் அடுத்த முனையில் வைத்தாள்.

"இன்னாத்துக்கு அங்க போற?" என்று தேவகி கேட்டாள்.

"என்னாலதான தேவகி."

"உன்னால இல்ல. போன்ல ஏறுன்னு சொன்னது நானு. வா, வந்து குடையில நில்லு. உன் மீனு வெயில்ல நாறுது."

ஆனால் அன்றிலிருந்து இருவரும் புருசன்மார்களைப் பற்றிப் பேசுவதில்லை. தேவகி இரவில் தூங்குவதும் குறைந்தது. "ஒரு நாளுதான" என்ற அந்தச் சொல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும் என்று சொன்னாள். கோதண்டம் ஒரு முறைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஊரிலும் செய்தி பரவியது. ஏரிக்கரையில் வலை பிரிக்கிறவர்களுக்குப் பொழுது போகவேண்டுமே. தேவகியின் மகள் வெண்ணிலா ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளைப் பார்த்து ஒருவன், "உன் நைனா எந்த ஊருக்கு ஓடிப்போனாருமே?" என்று கேட்டான். தேவகி கூடையோடு அவன் வீட்டு வாசலுக்குப் போனாள். அவள் பேசியதை இங்கே எழுத முடியாது. அந்த ஆள் இரண்டு நாள் ஏரிப்பக்கம் வரவில்லை.

2025 மாசி பிறந்தது. சித்திரைக்கு இரண்டு மாதம்தான். கோதண்டத்துக்கு ஒரே வழிதான் மிச்சம். தானே போலீசிடம் சரணடைந்து, நாடு கடத்தப்படுவது. அப்படிப் போனால் மறுபடி அந்த நாட்டில் கால் வைக்க முடியாது. விரல் ரேகையைக் குற்றவாளிகளின் ரேகைகளோடு சேர்த்து வைத்துக்கொள்வார்கள். ஜெரோமின் கைப்பேசியிலிருந்து அவன் பேசினான்.

"போயி நின்னா பத்து நாள்ல அனுப்பிடுவானாம். சீட்டுக்கு வந்துடுவேன்."

"வேற கேசு எதுனா போட்டுட்டான்னா?"

"போடட்டும். இங்க ஒளிஞ்சிகினு இருந்தா பேரும் போயிடும். எனக்கு இப்ப இருக்கறது அந்த ஒரு பேருதான் தேவகி."

பங்குனி இரண்டாம் வாரம் அவன் போய் நின்றான். உள்ளே கைப்பேசியை வாங்கிக்கொண்டார்கள். கடவுச்சீட்டு முதலாளியிடம் இருந்தது. அவர் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தூதரகம் ஒரு பயணத் தாள் தரவேண்டும். அதற்கு இந்தியாவிலிருந்து இவன் இந்த ஊர்க்காரன்தான் என்று உறுதி வரவேண்டும். விசாரிக்கப் போலீஸ்காரர் ஒருவர் சின்னமேட்டுக்குப்பத்துக்கு வந்தார். மாணிக்கம் கையெழுத்துப் போட்டார். மேற்படி கோதண்டம் எங்கள் ஊரைச் சேர்ந்தவர், எங்கள் ஊரில் நிரந்தரமாக வசிப்பவர் என்று அந்தத் தாளில் இருந்தது. தேவகி அருகில் நின்று பார்த்தாள்.

பத்து நாள் என்றது நாற்பது நாளானது. சித்திரை வந்தது. சீட்டு நாளும் வந்தது.

கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி நிற்பதுதான் வழக்கம். தேவகி நடுவில் போய் நின்றாள்.

"பெரிப்பா, அவுரு ஜெயில்ல கீறாரு. வரக்கூடாதுன்னு இல்ல, வர முடியல. பத்து நாளு தள்ளிப் போடுங்க. இல்ல என்னை எடுக்க உடுங்க."

"இறாலு பத்து நாளு தள்ளி ஓடுமாமா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

மாணிக்கம் சிரிக்கவில்லை. "பொம்பள சீட்டு எடுத்த வழக்கம் இல்ல தேவகி. உனக்காக மாத்துனா நாளைக்கி வெளிநாட்டுல கீற பன்னெண்டு பேரு வீட்டுலயும் வந்து நிப்பாங்க."

"போன மாசம் நீங்கதான கையெழுத்து போட்டீங்க? நிரந்தரமா இங்கதான் இருக்கறாருன்னு?"

"அது கவர்மெண்டு தாளு. இது பாடு."

"அப்ப எது பொய்யி?"

சீட்டுப் போட்டார்கள். கோதண்டத்தின் பெயரைக் குறிப்பேட்டில் அடித்தார்கள். அந்த இடத்தில் தை மாதம் கல்யாணமான பிரவீனின் பெயர் ஏறியது. பிரவீன் மேல் தேவகிக்குக் கோபம் இல்லை. அவன் கல்யாணத்துக்கு அவள்தான் மீன் வெட்டினாள்.

ஒன்பது நாள் கழித்துக் கோதண்டம் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, தூதரகம் தந்த வெள்ளைத் தாள். தேவகி பெயர் போனதைப் பேருந்தில் வரும்போது சொன்னாள். மீஞ்சூர் தாண்டும்வரை அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

"நான்தான் ஏறச் சொன்னேன்" என்றாள் அவள். ஒன்றேகால் வருடமாக அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தது.

"நீ சொல்லலன்னாலும் ஏறியிருப்பேன்" என்றான். அது உண்மையா, அவளுக்காகச் சொன்னதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

மறுபடி பெயர் சேர்க்க என்ன வழி என்று அவன் கூட்டத்தில் கேட்டான். பின்னால் நின்றுதான் கேட்டான். தொடர்ந்து மூன்று வருடம் ஊரில் இருக்கவேண்டும். வெளியூரில் தங்கி வேலை செய்யக்கூடாது. அதன் பிறகு புது ஆள் மாதிரி மனுக் கொடுக்கலாம். மூன்று வருடம் எதைச் சாப்பிடுவது என்பது சட்டத்தில் இல்லை.

இப்போது கோதண்டம் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலி. விடியுமுன் படகில் ஏரியைக் கடந்து, பிறகு பேருந்து. இரவு எவ்வளவு நேரமானாலும் ஊர் திரும்பிவிடுகிறான். வராத நாளை ஊரில் கணக்கு வைத்திருக்கிறார்கள். மழையில் படகு கிடைக்காமல் இரண்டு இரவு பழவேற்காட்டில் தங்கிவிட்டான். அது ஏன் என்று கூட்டத்தில் கேட்டார்கள். மடங்காத விரலோடு கைகட்டி நின்று பதில் சொன்னான்.

தேவகி அதே இடத்தில்தான் கூடை வைக்கிறாள். இறாலைக் கிள்ளிப் பார்ப்பவர்களை இப்போது ஒன்றும் சொல்வதில்லை. ஜெரோம் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவன் அட்டை ஐப்பசியில் முடிகிறது.

இதை எழுதச் சொன்னது தேவகிதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது கடல் வேலைக்கு வெளிநாடு கிளம்பினால், இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். கூட வேலை செய்பவன் கெஞ்சினாலும், இங்கிருந்து மனைவியே சொன்னாலும், அட்டையில் பெயர் இல்லாத முதலாளியின் படகில் ஒரு நாள்கூட ஏறவேண்டாம். அந்த நாட்டு அரசாங்கப் பக்கத்தில் தன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று வாரம் ஒரு முறை கைப்பேசியில் பார்க்கட்டும். படித்து முடித்ததும் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.